அரண்மனை மைதானத்தின் பத்தாண்டு: பெங்களூர் ராக் பாடல்களும் அவற்றின் உருக்கமும்

ராக் இசை என்றாலே இரைச்சல், இளமைக் கோபம், மேற்கிலிருந்து வந்திறங்கிய நாகரிகம் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் தமிழ்ச் சூழலில் இன்னும் முற்றாக மாறிவிடவில்லை. ஆயினும் 2002 முதல் 2012 வரையிலான பத்தாண்டில் பெங்களூரில் உருவான சில ராக் பாடல்களை நிதானமாகக் கேட்பவர்க்கு, அவற்றின் அடியில் ஓடுவது கோபத்தைக் காட்டிலும் மிகப் பழைய ஓர் உணர்வு என்பதும், அது சித்தர் பாடல்களிலும் கீர்த்தனைகளிலும் நெடுங்காலமாகக் கேட்டுப் பழகிய அதே ஏக்கம் என்பதும் விளங்கும். கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், உருது, இந்தி, ஆங்கிலம் எனப் பல மொழிகள் ஒரே தெருவில் புழங்கும் நகரத்தில், பாடலின் சொற்கள் பாதிப்பேருக்குப் புரியாமலேயே ஒரு பெருங்கூட்டம் ஒன்றாக உருகி நின்றதுதான் அந்தப் பத்தாண்டின் அரிய சாதனை. அது எவ்வாறு இயன்றது என்பதை அந்தப் பாடல்களின் அமைப்பிலிருந்தே காண முடியும்.

ராக் என்பது மின் கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ் ஆகிய மூன்றையும் அடித்தளமாகக் கொண்டு 1950களின் அமெரிக்காவில் ப்ளூஸ் முதலிய கறுப்பின மக்களின் இசையிலிருந்து கிளைத்த வடிவம். பெங்களூரில் அது ஊன்றியதற்கு அந்நகரின் இரட்டைப் பிறப்பு ஒரு முக்கியக் காரணம். கெம்பே கவுடா எழுப்பிய பழைய பேட்டை ஒருபுறமும், 1809இல் ஆங்கிலேயர் அமைத்த தண்டுப்பகுதி எனப்படும் கண்டோன்மென்ட் மறுபுறமுமாக வளர்ந்த இவ்வூர் 1949இல்தான் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தது. அல்சூர், சிவாஜிநகர், ஃபிரேசர் டவுன் ஆகிய தண்டுப்பகுதிகளில் ஆங்கிலோ இந்தியரும் தமிழரும் நெருங்கி வாழ்ந்ததனால், ஆங்கிலப் பாட்டு என்பது அங்கே மேல்தட்டினர்க்கு மட்டும் உரியதாக இல்லாமல், தேவாலயப் பாடகர் குழு, ரயில்வே மன்றம், திருமண வரவேற்பு ஆகியவற்றின் வழியே தெருவோடு கலந்திருந்தது. 1970களிலேயே ஹியூமன் பாண்டேஜ் என்ற குழு இந்நகரிலிருந்து சொந்தமாகப் பாடல் கட்டியது. 1990களில் கல்லூரி விழாக்களின் ராக் போட்டிகளும் பிரிகேட் சாலையை ஒட்டிய மதுக்கூடங்களும் ஒரு தலைமுறைக்குக் காதுப் பயிற்சி அளித்தன.

அந்தப் பயிற்சி பெருங்கூட்டமாகத் திரண்ட இடம் அரண்மனை மைதானம். 2002 ஏப்ரலில் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ரோஜர் வாட்டர்ஸும், 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸும், 2005இல் மார்க் நாஃப்ளரும், 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டனும் அங்கே பாடினர். 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா இந்தியாவில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியதும் அதே மண்ணில்தான். இரண்டு நாள் முன்னர் குர்கானில் நடக்கவிருந்த நிகழ்ச்சி ரத்தானதால், வடக்கிலிருந்தும் ரசிகர்கள் அதற்கு வந்து சேர்ந்தனர். அதற்குப் பத்து நாள் முன்னதாகத்தான் நகரின் முதல் மெட்ரோ ரயில் பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே ஓடத் தொடங்கியிருந்தது. ஊர் பெயர்ந்து வேறொன்றாகிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், வேலைக்காக வந்து குவிந்த பல்லாயிரம் இளைஞர்களுக்கு அந்த மைதானம் வெறும் கேளிக்கை இடமாக இருந்திருக்க முடியாது. அறை நண்பர்களையும் அலுவலகத் தோழர்களையும் தவிர வேறு சுற்றம் இல்லாத ஊரில், முன்பின் அறியாதவர்களோடு சேர்ந்து குரலெடுத்துப் பாடும் வாய்ப்பு வேறெங்கும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இங்கே ராக் இசையின் ஓர் இயல்பைக் கவனிக்க வேண்டும். அயர்ன் மெய்டனின் 1992ஆம் ஆண்டுப் பாடலான 'ஃபியர் ஆஃப் தி டார்க்' எந்த நாட்டில் ஒலித்தாலும், கிதார் வாசிக்கும் மெட்டைச் சொல்லே இல்லாமல் கூட்டம் முழுவதும் பாடுகிறது. வரிகளைப் பாடுவதைக் காட்டிலும் அந்தச் சொல்லற்ற பகுதியில்தான் தொண்டை அடைக்கிறது என்பதை அத்தகைய நிகழ்ச்சிகளின் ஒளிப்பதிவுகளைப் பார்க்கும் எவரும் உணரலாம். பஜனை மடத்தில் நாமாவளியைக் கூட்டம் திருப்பிப் பாடும்போது தனிக்குரல்களின் குறைகள் கரைந்து ஒரே குரலாகிவிடுவது போன்றதே இதுவும். மொழியறியாதவரும் பங்கேற்க இதில் தடையேதும் இல்லை. பல மொழிக்காரர் கூடிய பெங்களூரில் ராக் வேர்பிடித்ததற்கு இந்தச் சொல்லற்ற பங்கேற்பு பெருந்துணையாக இருந்திருக்க வேண்டும்.

உள்ளூர்க் குழுக்களில் 1996இல் கிறைஸ்ட் கல்லூரி மாணவர்களிடையே தொடங்கிய தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் இந்தப் பத்தாண்டின் வாசலில் நிற்கிறது. புரூஸ் லீ மணியின் கிதாரும் குரலும் ராஜீவ் ராஜகோபாலின் டிரம்ஸும் முதுகெலும்பாக அமைந்த இக்குழு, தன் இசையைப் 'பெங்களூர் ராக்' என்றே அழைத்தது. 2002இல் வெளிவந்த 'ஜூபிடர் கஃபே' தொகுப்பில் ஜாஸ் இசையின் வளைவுகளும் ராக் இசையின் அழுத்தமும் கலந்துவந்தன. ஆங்கிலத்தில் பாடியபோதும் இரவல் துக்கத்தைப் பாடாமல் தன் ஊரையும் தன் வயதையும் பாடியதே அதன் நேர்மை. 1998இல் தோன்றிய கிரிப்டோஸ், மெட்டல் எனப்படும் கனத்த ராக் வகையில் இயங்கிய குழு. 2008இல் 'தி ஆர்க் ஆஃப் ஜெமினி' என்ற தொகுப்பை வெளியிட்ட இக்குழு, 2013இல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடையேறிய முதல் இந்தியக் குழுவாயிற்று. இரண்டு கிதார்கள் ஒன்றையொன்று தழுவிச் செல்லும் அதன் மெட்டுகளில் ஒரு காவியச் சோகம் உண்டு என்றாலும், குரலின் கரகரப்பு அந்தச் சோகத்தைப் பழகிய காதுகளுக்கு மட்டுமே திறந்துவிடுகிறது. இவ்விரு குழுக்களும் மதிக்கத்தக்கவை. எனினும் மனத்தை உலுக்கும் வகையில் அந்தப் பத்தாண்டை நிலைநிறுத்திய பாடல்கள் வேறொரு திசையிலிருந்து வந்தன.

அந்தத் திசை 19ஆம் நூற்றாண்டின் வடகர்நாடகம். இன்றைய ஹாவேரி மாவட்டத்தின் சிசுநாளத்தில் 1819இல் பிறந்து 1889இல் மறைந்த சந்த சிசுநாள ஷரீஃப், இஸ்லாமியராகப் பிறந்து, கோவிந்த பட்டர் என்ற பிராமணரைக் குருவாகக் கொண்டு, கன்னடத்தில் தத்துவப் பதங்கள் பாடியவர். தத்துவப் பதம் என்பது அன்றாடப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன்மேல் உடல், உயிர், நிலையாமை பற்றிய உண்மைகளை ஏற்றிப் பாடும் எளிய இசைப்பாட்டு. குதம்பை என்னும் காதணியை அணிந்த பெண்ணை விளித்துப் பாடிய குதம்பைச் சித்தரையும், ஆடும் பாம்பை நோக்கி ஆன்ம ஞானம் பேசிய பாம்பாட்டிச் சித்தரையும், இஸ்லாமிய ஞானத்தைத் தமிழ்ப் பக்தி மரபின் மொழியிலேயே பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபுவையும் அறிந்த தமிழ் வாசகர்க்கு ஷரீஃப் அந்நியராகத் தோன்ற மாட்டார். சி. அஸ்வத்தின் இசையமைப்பும் உரத்த குரலும், 1990இல் டி. எஸ். நாகாபரணா இயக்கிய திரைப்படமும் ஷரீஃபின் பதங்களைக் கன்னட நாட்டின் வீடுதோறும் கொண்டுசேர்த்திருந்தன.

மைசூரில் வளர்ந்து, நுண்ணுயிரியல் படித்து, பரதநாட்டியமும் பயின்ற ரகு தீட்சித், 2008இல் தம் பெயரிலேயே வெளியிட்ட முதல் தொகுப்பில் ஷரீஃபின் 'குடுகுடியா சேதி நோடோ' என்ற பதத்தை ராக் இசையில் அமைத்தார்; 'லோகத காளஜி' என்ற பதத்தையும் பின்னர் அவ்வாறே அமைத்தார். மும்பைத் திரையிசை இரட்டையர் விஷால்–சேகரின் இசை நிறுவனம் வெளியிட்ட அந்த முதல் தொகுப்பில் கன்னடம், இந்தி, ஆங்கிலம் மூன்றும் கலந்திருந்தன. குடுகுடி என்பது ஹூக்கா எனப்படும் புகைக்கும் கருவி; அதன் உறுப்புகளை உடலுக்கும் மனத்துக்கும் உருவகமாக்கி, இந்தப் புகையை இழுத்துப் பார் என்று அழைக்கும் பதம் அது. 'லோகத காளஜி'யோ உலகத்துக் கவலையை எல்லாம் தலையில் தூக்கிக்கொண்டு திரிபவனைப் பரிவோடும் குறும்போடும் விளித்து, கவலைப்படுவதென்றால் பட்டுக்கொள், தடுப்பவர் யார் என்ற தொனியில் பேசி, அவன் கட்டிய வீடும் சேர்த்த பொருளும் உடன்வராததை உணர்த்துகிறது. இவற்றை ரகு தீட்சித் துயரப் பாட்டாக இழுக்கவில்லை. ஓட்டமான தாளத்தில், காலில் சலங்கையும் இடுப்பில் வண்ண லுங்கியுமாக, கூட்டத்தைக் குதிக்கவைத்துக்கொண்டே பாடினார்.

நிலையாமையைப் பாடும் சொல்லும் கொண்டாட்டத் தாளமும் இப்படி ஒன்றாக வருவது முரணாகத் தோன்றினாலும், சாவு வீட்டில் பறை அதிர ஆடும் மரபை அறிந்தவர்க்கு அதில் வியப்பில்லை. சொல் மட்டும் இருந்திருந்தால் அது உபதேசமாகியிருக்கும், தாளம் மட்டும் இருந்திருந்தால் மறுநாள் மறந்துபோகும் ஆட்டமாகியிருக்கும். இரண்டும் சேர்ந்ததால், இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் துள்ளிக்கொண்டே மரணத்தைப் பற்றிய பாடலைத் தம் வாயால் பாடிவிடுகிறார், அதன் பொருள் பின்னர் ஓர் இரவில் மெல்ல அவரை எட்டுகிறது. கன்னடம் அறியாதவர்களையும் 'குடுகுடியா' பாடவைத்ததில் ரகு தீட்சித்தின் குரலுக்குப் பெரும்பங்கு உண்டு. மெருகேற்றாமல், மார்பிலிருந்து நேரடியாக எழுந்து, உச்சத்தில் சற்றே உடையும் தறுவாய் வரை சென்று திரும்பும் குரல் அது. அஸ்வத்தின் குரலிலும் இதே திறந்த கம்பீரம் இருந்தது. 2009 டிசம்பரில் அஸ்வத் மறைந்தபோது ஷரீஃபின் பதங்கள் ஏற்கெனவே அடுத்த தலைமுறையின் கிதார்களுக்குள் புகுந்துவிட்டிருந்தன. 2011இல் பிரிட்டனின் கிளாஸ்டன்பரி விழாவில் ரகு தீட்சித் மேடையேறினார். ஆனால் அந்தப் புகழைவிட, மென்பொருள் அலுவலகத்து இளைஞர்கள் கன்னட ஞானியின் பதத்தைத் தம் பாட்டாக ஏற்றதே பெரிய நிகழ்வு. (கேரளத்தின் அவியல் குழுவும் இதே 2008இல் நாராயண குருவின் குண்டலினிப் பாட்டை 'ஆடு பாம்பே' என்ற ராக் பாடலாக்கியது, பாம்பாட்டிச் சித்தரின் சாயல் படிந்த அந்தப் பாட்டும் தென்னிந்திய ராக் தன் ஏக்கத்தை எங்கே தேடிக் கண்டடைந்தது என்பதற்குச் சான்று.)

ரகு தீட்சித்தின் தம்பி வாசு தீட்சித் முன்னின்று பாடும் ஸ்வராத்மா, 2009இல் தன் பெயரிலேயே வெளியிட்ட தொகுப்பில் 'ப்யாசி' என்ற பாடலைச் சேர்த்தது. இந்தியில் 'தாகமுற்றவள்' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட இப்பாடல் காவிரியின் நிலையைப் பற்றியது. பெங்களூர்த் தமிழர்க்குக் காவிரி என்ற சொல் வெறும் ஆற்றின் பெயராக ஒலிப்பதில்லை. 1991 டிசம்பரில், நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து இந்நகரில் தமிழர்கள் தாக்கப்பட்ட நாட்களின் நினைவு அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2007 பிப்ரவரி 5 அன்று வந்த இறுதித் தீர்ப்பு தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி.யும் கர்நாடகத்துக்கு 270 டி.எம்.சி.யும் ஒதுக்கியபோதும் அதே பதற்றம் தெருவுக்கு வந்தது. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி நீரைக் குறிக்கும் அளவு. ஆற்றை இவ்வாறு இரு மாநிலங்களும் அளவுகளாக மட்டும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஆறே தாகத்தோடு நிற்கிறது என்று பாடுவதற்குத் துணிவும் கனிவும் வேண்டும்.

காவிரியைப் பெண்ணாக விளித்து வாழ்த்திய சிலப்பதிகாரத்துக் கானல்வரியின் மரபில் இந்தப் பாடலை வைத்துப் பார்க்கலாம் என்றால் அது மிகையாகாது. கானல்வரியின் காவிரி நிறைந்து நடப்பவள், ஸ்வராத்மாவின் காவிரி வற்றி நிற்பவள். இரண்டுக்கும் நடுவில் பதினைந்து நூற்றாண்டுகளும் பல அணைகளும் உள்ளன. பெங்களூர் நகரம் குடிக்கும் தண்ணீரே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் அளவு மேட்டுக்கு, பம்புகளால் ஏற்றப்படும் காவிரி நீர்தான் என்பதை நினைவிற்கொண்டால், இந்நகரின் ராக் குழு ஒன்று அந்த ஆற்றுக்காக இரங்கிப் பாடியது கடன் தீர்க்கும் செயலாகவும் தோன்றும். பாடல் இந்தியில் அமைந்ததும் கருதத்தக்கது. கன்னடத்தில் பாடியிருந்தால் அது ஒரு கரையின் குரலாகவும், தமிழில் பாடியிருந்தால் மறுகரையின் குரலாகவும் கேட்கப்பட்டிருக்கும். இரு கரைக்கும் சொந்தமில்லாத மொழியில் வந்ததாலேயே, வழக்கில் எந்தத் தரப்பையும் சேராமல், கேட்பவர்கள் அந்த வருத்தத்துக்குள் புக முடிந்தது. இந்தித் திணிப்பை எதிர்த்து வளர்ந்த தமிழ் மனத்துக்கு இதை ஒப்புக்கொள்வது எளிதன்று, ஆயினும் இப்பாடலைப் பொறுத்தவரை அதுவே உண்மை.

அகம் குழுவின் பாடல்கள் இவற்றிலிருந்து வேறான நுட்பம் கொண்டவை. அவற்றின் உருக்கத்தை விளக்க இசையிலக்கணத்துக்குள் சற்று இறங்க வேண்டும். ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாட, மென்பொருள் துறையில் பணியாற்றிக்கொண்டே இசைத்த நண்பர்களின் குழுவாக வளர்ந்த அகம், 2007இல் ஏ. ஆர். ரஹ்மான் நடுவராக இருந்த தொலைக்காட்சிப் போட்டியொன்றில் வென்று பரவலாக அறியப்பட்டது. 2012இல் 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' என்ற முதல் தொகுப்பை வெளியிட்டது. அதில் உள்ள 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி', தியாகராஜரின் 'பண்டுரீதி' கிருதியை ஹம்சநாத ராகத்திலேயே வைத்து ராக் வடிவில் விரிக்கிறது. 'தென்றலே என்னைத் தொடு' (1985) படத்தில் யேசுதாஸும் எஸ். ஜானகியும் இணைந்து பாடிய இளையராஜாவின் பாடலை நினைவுகூர்ந்தால், இந்த ராகத்தின் சாயல் இசையறியாதவர் மனத்திலும் எழும்.

மின் கிதாரின் ஒலியை வேண்டுமென்றே கலங்கச் செய்து, அதில் கரகரப்பும் கனமும் ஏற்றுவதை டிஸ்டார்ஷன் என்பர். ஒலி இவ்வாறு கலங்கும்போது, ஆதார சுரத்தோடு காந்தாரமும் சேர்ந்த முழு சுரக்கூட்டை மீட்டினால் அது குழம்பி இரைச்சலாகிவிடும். ஆகவே ராக் கிதார்க்காரர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டு, ஆதார சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் மட்டும் சேர்த்து மீட்டுகின்றனர்; இதற்குப் பவர் கார்ட் என்று பெயர். ஆதார சுரமும் ஐந்தாம் சுரமும் என்பது கர்நாடக இசையின் சொல்லில் ஷட்ஜமும் பஞ்சமமும்தான். தம்புரா இடைவிடாது எழுப்புவதும் அதே இணைதான். மேலை இசையில் ஒரு சுரக்கூட்டு மகிழ்ச்சியாகவோ சோகமாகவோ ஒலிப்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காந்தாரம். அது நீங்கிய பவர் கார்ட், எந்த உணர்வையும் முன்கூட்டியே விதிக்காமல், பாடகரின் ராகம் தன் உணர்வை எழுதிக்கொள்ள இடம் விட்டு நிற்கிறது. ஹம்சநாதமோ, அறுபதாவது மேளமான நீதிமதியின் ஜன்யமாக, ஷட்ஜம், சதுச்ருதி ரிஷபம், பிரதி மத்யமம், பஞ்சமம், காகலி நிஷாதம் ஆகியவற்றோடு இன்று பாடப்படும் ராகம். அதிலும் காந்தாரம் இல்லை. ஆக, கிதார் தானாக விட்டுவிட்ட சுரத்தை ராகமும் இலக்கணப்படியே விட்டிருக்கிறது; இரண்டும் ஒன்றையொன்று இடறாமல் பொருந்துவதற்கு இதைவிடத் தகுந்த இணை அரிது.

கிருதியின் பொருளும் இந்த வடிவத்துக்கு ஏற்றது. ராமனின் அரசவையில் தனக்குக் காவலனாக ஊழியம் செய்யும் பதவி ஒன்றைத் தரும்படி இரக்கும் பாடல் அது. பக்தியையே கவசமும் வாளுமாகத் தரித்த வீரனின் உருவகம் அதில் நடுநாயகமாக உள்ளது. கச்சேரி மேடையில் அந்த வீரம் பெரும்பாலும் அடக்கமான பெருமிதமாகவே வெளிப்படும். டிரம்ஸின் இரட்டை மிதியும் கிதாரின் கனமும் பின்னின்று முழங்கும்போது, வேண்டுதலுக்குள் மறைந்திருந்த போர்க்கோலம் வெளியே வருகிறது. கிருதியின் கமகங்கள், அதாவது சுரங்களை அசைத்தும் வழுக்கியும் பாடும் நுட்பங்கள், சில இடங்களில் தாளத்தின் வேகத்துக்காகத் தட்டையாகிவிடுகின்றன என்ற குறையை மறுக்க முடியாது. மறைந்த வித்வான்களின் நிதானத்தில் ஊறியவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளத் தயங்குவது நியாயமே. ஆனால் கச்சேரி சபாவின் வாசலையே மிதித்தறியாத பல்லாயிரம் பேர் ஒரு தியாகராஜ கிருதியை மனப்பாடமாகப் பாடும் நிலையை இக்குழு உண்டாக்கியது. அந்தப் பயனோடு வைத்துப் பார்த்தால் அந்தக் குறை சிறியதே.

இவ்வளவு மொழிகளிலும் மரபுகளிலும் கிளைத்த அந்தப் பத்தாண்டில், தண்டுப்பகுதியைக் கட்டியெழுப்பியவர்களில் முன்னிற்கும் தமிழர்களின் மொழியில், நகரம் முழுவதும் சேர்ந்து பாடிய பெங்களூர் ராக் பாடல் என்று ஒன்றைச் சுட்டுவது கடினம் என்பது உண்மையிலேயே வருந்தத்தக்கது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் கிதார் பிடித்த தமிழ் இளைஞர்களுக்குக் குறைவில்லை. எனினும் அவர்களுள் பலர் ஆங்கிலத்தில் பாடினர் அல்லது பிறர் குழுக்களில் வாசித்தனர், தமிழ்ப் பாட்டின் தேவையைத் திரையிசை நிரப்பிக்கொண்டது. தமிழில் தெருவின் குரலும் மின் கிதாரும் உரத்து இணைய, 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கானாவை ராக் இசையோடும் ராப் இசையோடும் சேர்த்த அந்தக் குழுவின் உணர்வு, பெங்களூரின் ஞானப்பாட்டு மரபிலிருந்து விலகி, சாதிக் கொடுமைக்கு எதிரான நேரடிக் குற்றச்சாட்டாக அமைந்தது.

பெங்களூரின் அந்தக் கூட்டுப் பாட்டுக்கு நகர நிர்வாகம் எப்போதும் இணக்கமாக இருந்ததாகவும் சொல்ல முடியாது. பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வழங்குவது குறித்த 2005ஆம் ஆண்டு ஆணை, உணவகங்களில் நேரடி இசை நடத்தக் காவல்துறையின் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அந்த ஆணை செல்லும் என்று 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பெரிய நட்சத்திரங்களுக்கு மைதானம் கிடைத்துவிடும். புதிய குழு ஒன்று தன் முதல் இருபது பேரைத் திரட்டுவதற்குச் சிறிய அறைகளே வேண்டும், கட்டுப்பாடுகளின் சுமை முதலில் விழுவது அந்த அறைகளின் மேல்தான். இந்திரா நகரில் 2013இல் தொடங்கிப் பல புதிய குழுக்களுக்கு மேடை தந்த ஹம்மிங் ட்ரீ 2019இல் மூடப்பட்டது. ஷரீஃபின் பதங்களையும் தியாகராஜரின் கிருதியையும் கிதாரோடு பாடக் கற்ற தலைமுறைக்கு அடுத்து வருபவர்கள், தங்கள் பாடலைத் தவறாகவும் அரைகுறையாகவும் பாடிப் பழக ஒரு மேடை இந்நகரில் இருக்க வேண்டும். கைப்பேசித் திரையில் தனியே கேட்கும் பாடல்கள் எவ்வளவு நன்றாகப் பதிவாகியிருந்தாலும் அந்த மேடையின் வேலையை அவற்றால் செய்ய இயலாது.